கணக்கு டீச்சர் பதில்கள்: தேதிகள் பேசுமா?

(பாளையங்கோட்டையில் நெடுங்காலம் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் எழுதும் பகுதி. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேதி, எண், ராசி பற்றியவை.)

எங்கள் பத்தாம் வகுப்பில் 42 பேர். இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள். இரட்டையர்கள் இல்லை, சொந்தக்காரர்களும் இல்லை. வருடத்துக்கு 365 நாள் இருக்கும்போது இது அதிசயம்தானே டீச்சர்?
– ஒரு மாணவன், ஆலங்குளம்

தம்பி, அப்படி ஒரு ஜோடி அமையாமல் போயிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். 42 பேர் இருக்கும் இடத்தில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய 91 சதவிகித வாய்ப்பு உண்டு. 23 பேர் இருந்தாலே பாதிக்குச் சற்று மேல். நீ 365-ஐயும் 42-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாய். பார்க்க வேண்டியது ஜோடிகளை. 42-ஐ 41-ஆல் பெருக்கி இரண்டால் வகு: 861 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் 365-ல் ஒரு வாய்ப்பு. 861 முறை கேட்டால் ஒரு முறையாவது ‘ஆமாம்’ என்று பதில் வரத்தானே செய்யும்?

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்று. ‘என் பிறந்தநாளில் பிறந்த இன்னொருவர் இருக்கிறாரா?’ என்று கேள். அதற்குப் பாதி வாய்ப்பு கிடைக்கவே உன்னைத் தவிர 253 பேர் வேண்டும். காலை இறைவணக்கக் கூட்டத்தில் நிற்கிற வரிசைகளை எல்லாம் விசாரிக்க வேண்டியிருக்கும். ‘யாராவது இருவர்’ என்பதற்கும் ‘நானும் இன்னொருவரும்’ என்பதற்கும் இவ்வளவு தூரம். கீழே உள்ள மற்றக் கடிதங்களையும் படித்துப் பார். இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பெரியவர்கள் பலர் திகைத்து நிற்கிறார்கள்.

உன் தாத்தாவின் வகுப்புப் பதிவேடு கிடைத்தால் அதில் ஒரே பிறந்தநாள்கள் இன்னும் கூடுதலாக இருக்கும். அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி, மே அல்லது ஜூனில் ஒரு தேதியைத் தலைமை ஆசிரியரே எழுதிவிடுவார். இன்றைக்கும் பல பெரியவர்களின் ஆதார் அட்டையில் இருப்பது அந்தத் தேதிதான். அதைக் கூட்டிப் பார்த்துத் தன் வாழ்க்கை ஏன் இப்படி ஆனது என்று வருந்துகிறவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். என் அப்பா 2009 நவம்பர் 17-ல் காலமானார். என் மகன் 2013 நவம்பர் 17-ல் பிறந்தான். அதிலிருந்து 17 என்னைத் தொடர்ந்து வருகிறது. கைபேசியை எடுத்தால் மணி 5.17. திருநெல்வேலி பஸ்ஸில் டிக்கெட்டின் கடைசி இரண்டு எண் 17. கரண்ட் பில் 1,017 ரூபாய். அப்பா ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைக்கிறேன். என் கொழுந்தனாரோ, ‘ஒன்றும் ஏழும் எட்டு. அது சனியின் எண், பையன் பெயரை மாற்றுங்கள்’ என்கிறார். பையன், ‘நான் கெட்ட நாளிலா பிறந்தேன்?’ என்று கேட்கிறான். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ரத்தப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 7.6. ரத்தம் ஏற்றி உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். நவம்பர் 17-க்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை பொறுத்தால் அப்பா காப்பாற்றுவார் என்று தோன்றுகிறது. வீட்டுக்காரர் திட்டுகிறார். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், வீரவநல்லூர்

தங்கச்சி, இதழ் அச்சாகும்வரை பொறுக்க மனம் கேட்காமல், கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போவதாகச் சொன்னீர்கள். இதே நிலையில் வேறு யாராவது இருக்கக்கூடும் என்பதால் அன்று சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்த எண் 7.6. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை என்றும், 8-க்குக் கீழே போனால் கடுமையானது என்றும் உலக சுகாதார நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. அந்த எண் உங்கள் உடம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை அளந்து சொன்னது. நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, குடத்தைத் தூக்கினால் கண் இருட்டுகிறது என்று தொலைபேசியில் சொன்னீர்களே, அதைத்தான் அந்த எண்ணும் சொல்கிறது. கட்டியும் ரத்தப்போக்கும் நவம்பர் 17-க்காகக் காத்திருக்காது. ஆபரேஷன் தேதியை மருத்துவர் குறிக்கட்டும்.

இனி அப்பாவைப் பற்றி. பழைய பஞ்சாங்கங்களை நான் தூக்கிப்போடுவதில்லை. உங்களுக்காக இரண்டு ஆண்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். 2009 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, அமாவாசை கழிந்த பிரதமை. 2013 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. ஆங்கில நாட்காட்டியில் ஒரே கட்டத்தில் இருக்கும் இந்த இரு நாள்களும், திதிக் கணக்கில் ஏறக்குறைய எதிரெதிர் முனையில் இருக்கின்றன. நீங்கள் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் பாபநாசம் போகிற நாள் ஆண்டுதோறும் மாறுகிறது. அது நவம்பர் 17-ல்தான் விழும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. உங்கள் வீட்டு வழக்கப்படி அப்பாவுக்கு உரிய நாள் வேறு, பேரன் பிறந்தநாள் வேறு.

எங்கள் வீட்டில் என் ஆச்சி வைத்திருந்த மளிகைக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. நீல அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. முன்பக்கங்களில் உளுந்தும் புளியும். கடைசிப் பக்கங்களில் பிறப்பும் இறப்பும். ‘கொல்லம் 1118 ஐப்பசி, சுவாதி, விடிய ஐந்து நாழிகை இருக்கையில் ஆண் குழந்தை’ என்று ஒரு வரி. அது 1942. ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டைத்தான் நம் பக்கத்தில் அன்று எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அதே பக்கத்தில் ஆங்கிலத் தேதியையும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாமே உண்டு. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் என்று ஒரே நாளுக்கு நாம் ஐந்து பெயர் வைத்திருக்கிறோம். இந்த ஐந்தில் ஒன்று பொருந்தினாலும் ‘பார்த்தாயா!’ என்போம். பொருந்தாத நான்கைக் கேட்பதே இல்லை.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். இரு பக்கத்துத் தாத்தா, ஆச்சி, பெரியப்பா, அத்தை, மாமா, மதினி, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோருடைய பிறந்தநாளும் கல்யாண நாளும் இறந்த நாளும் சேர்ந்தால் 57 தேதிகள் எளிதில் தேறும். 57 தேதிகள் இருந்தால், ஏதாவது இரண்டு ஒன்றாக அமைய 99 சதவிகித வாய்ப்பு. அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது. யாரோ ஒரு தூரத்துச் சித்தப்பாவின் கல்யாண நாளோடு பொருந்தியிருந்தால் நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். உங்கள் வீட்டில் அது அப்பாவின் மேல் விழுந்தது. அதனால் நெஞ்சில் பதிந்தது.

பதிந்த பிறகு கண் அதைத் தேடத் தொடங்கிவிடும். மணிக்கு ஒரு முறை கடிகாரம் 17-வது நிமிடத்தைத் தொடத்தான் செய்கிறது. நூறு டிக்கெட்டில் ஒன்று 17-ல் முடியத்தான் செய்கிறது. 5.16-க்குப் பார்த்தது மறந்துபோகிறது, 5.17-க்குப் பார்த்தது நிற்கிறது. உடல் தேறிய பிறகு ஒரு வாரம் மட்டும் இதைச் செய்யுங்கள். கைபேசியில் மணி பார்க்கும் ஒவ்வொரு முறையும், என்ன மணியாக இருந்தாலும் ஒரு தாளில் குறியுங்கள். வாரக் கடைசியில் அந்தத் தாளை நீங்களே படித்துப் பாருங்கள்.

கொழுந்தனாருக்கும் ஒரு வார்த்தை. அதே 17 உங்களுக்கு அப்பா, அவருக்குச் சனி. இரண்டும் ஒரே எண்ணுக்குள் இருக்க முடியாது. உங்கள் பாசம் அங்கே அப்பாவை வைத்தது, அவருடைய பயம் சனியை வைத்தது. எந்தத் தேதியைக் கூட்டினாலும் கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஒன்றுதான் வரும். மாதத்துக்கு மூன்று நாள் (8, 17, 26) எட்டாகிறது. அந்த நாள்களில் நம் மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகளை எல்லாம் சனி பிடித்திருக்கிறதா?

இதில் எனக்கு மிகவும் வலித்தது பையன் கேட்ட கேள்வி. அந்த வயதில் ஒரு பிள்ளை தன் பிறந்தநாளைப் பார்த்துப் பயப்படக் கூடாது. பெயரை மாற்றினால், ‘ஆமாம், நீ கெட்ட நாளில்தான் பிறந்தாய்’ என்று வீடே ஒப்புக்கொண்டதாக அவன் எடுத்துக்கொள்வான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘உன் பிறந்தநாள் வந்தால் எனக்குத் தாத்தா ஞாபகமும் வருகிறது, அவ்வளவுதான்’ என்று சொல்லுங்கள். அப்பாவுக்குச் சொதி பிடிக்கும் என்றீர்களே, அன்றைக்குச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வையுங்கள். சாப்பிடும்போது தாத்தாவைப் பற்றி அவனுக்கு ஒரு கதை சொல்லுங்கள். நினைத்துக்கொள்வதற்கு ஒரு தேதி போதும். முடிவெடுக்க அது போதாது.

பாரதியார் பிறந்தது டிசம்பர் 11, மறைந்தது செப்டம்பர் 11. காமராஜர் மறைந்தது காந்தி ஜெயந்தி அன்று. மகான்களுக்கு மட்டும் இப்படி அமைவது ஏன்?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

எட்டயபுரத்துக்குப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11. அதில் குழப்பம் இல்லை. திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, அதிகாலை ஒன்றரை மணி அளவில். ஆங்கிலக் கணக்கில் அது 12. சென்னை மாநகராட்சிப் பதிவேட்டிலும் 12 என்றே இருக்கிறது. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் நம் கணக்கில் அது இன்னும் 11. என் ஆச்சியின் நோட்டில் ‘விடிய ஐந்து நாழிகை’ என்று எழுதியிருப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆக, நாள் எப்போது பிறக்கிறது என்று நாம் வைத்துக்கொள்வதைப் பொறுத்து அந்தப் பொருத்தம் வரும், போகும்.

காமராஜர் 1975 அக்டோபர் 2-ல் மறைந்தார். தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தற்செயலால் ஒவ்வொரு காந்தி ஜெயந்தியிலும் அவர் பேச்சு எழுகிறது, அது நல்லது. செப்டம்பர் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஆசிரியர் தினம். 1872-ல் அதே நாளில் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். ஆசிரியர் தினத்தன்று பிள்ளைகள் பூ கொடுத்த கையோடு, கப்பல் ஓட்டியவரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் நான் கரும்பலகைப் பக்கம் திரும்புவேன். அமைந்த தேதியை இப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

என் மகளுக்கு இந்த ஆண்டு 19 வயது. ஆங்கிலப் பிறந்தநாளும் ஜென்ம நட்சத்திரமும் ஒரே நாளில் வருகின்றன. இதற்கு என்ன விசேஷம்?
– ஒரு தாய், சங்கரன்கோவில்

காரணம் உள்ள பொருத்தம் இது, அம்மா. விவரமாகவே சொல்கிறேன். நிலா ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வர ஏறக்குறைய 27.32 நாள் ஆகிறது. அப்படி 254 சுற்று சுற்றினால் 6,939.7 நாள். 19 ஆண்டுகளுக்கு 6,939.6 நாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் 19 வயதில் தேதியும் நட்சத்திரமும் கைகோத்து வரும். 38-ல் வரும், 57-லும் வரும். சில சமயம் ஒரு நாள் முன்பின் ஆகும். திதியும் இதே 19 ஆண்டுகளில் திரும்புகிறது. அறுபதாம் கல்யாணத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் 60 ஆண்டு கழித்துத்தான் திரும்பி வருகிறது.

உங்கள் மகளுக்காக மட்டும் வானம் இதைச் செய்யவில்லை. அவள் பிறந்த அதே நாளில் பிறந்த எல்லோருக்கும் செய்திருக்கிறது. மகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கோமதி அம்மன் சந்நிதியில் அன்றைக்கு அர்ச்சனையும் செய்யுங்கள். இரண்டு பிறந்தநாளையும் ஒரே பாயசத்தில் முடிக்கலாம்.

புது பைக் எண்ணின் கூட்டுத்தொகை 8. பணம் கட்டி வேறு எண் வாங்கலாமா?
– ஒரு வாசகர், திசையன்விளை

வேண்டாம். விபத்துகளை எண்ணிக் கணக்குப் பார்த்தே பிழைக்கிறவர்கள் இன்சூரன்ஸ்காரர்கள். பைக்கின் இன்சூரன்ஸ் தொகையை எஞ்சினின் சி.சி., வண்டியின் வயது, விலை ஆகியவற்றைப் பார்த்து நிர்ணயிக்கிறார்கள். எட்டு வந்தால் ஆபத்து கூடும் என்பது உண்மையானால், எட்டுக்கு அவர்கள் எப்போதோ கூடுதல் பணம் கேட்டிருப்பார்கள். அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து.

மனவியல் அறிஞர் யுங் தற்செயல்களுக்கு அர்த்தம் உண்டு என்று எழுதியிருக்கிறாரே. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பவுலியும் அவரோடு உடன்பட்டாரே?
– இயற்பியல் மாணவி, பாளையங்கோட்டை

நீ சொல்வது சரி. காரணத் தொடர்பு இல்லாமல் பொருளால் மட்டும் இணையும் நிகழ்ச்சிகளைப் பற்றிக் கார்ல் யுங் எழுதினார். 1952-ல் அவரும் உல்ஃப்காங் பவுலியும் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். பவுலியின் முடிவும் உனக்குத் தெரிந்திருக்கும். இயற்பியலில் ஒளிக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் ஒரு மாறிலி, ஏறக்குறைய 137-ல் ஒரு பங்கு. ஏன் அந்த எண் என்ற கேள்வி பவுலியை வாழ்நாளெல்லாம் அலைக்கழித்தது. 1958 டிசம்பரில் சூரிச் நகரின் செஞ்சிலுவை மருத்துவமனையில் அவரைச் சேர்த்த அறையின் எண் 137. பார்க்க வந்த உதவியாளரிடம் அதைச் சொல்லிக் கலங்கினார். டிசம்பர் 15-ல் இறந்தார்.

படிக்கும்போது எனக்கும் உடல் சிலிர்க்கிறது. ஆனால் அவருக்கு வந்தது கணையப் புற்றுநோய். எந்த அறையில் படுத்திருந்தாலும் அது இருந்திருக்கும். அவ்வளவு பெரிய அறிவாளியையும் கடைசி நாள்களில் ஓர் அறை எண் கலக்கியிருக்கிறது என்பதை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். பெரியவர் ஒருவர் நம்பினார் என்பதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதே. ஓர் அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பவுலியின் விலக்கு விதிக்கு நீ பாடத்தில் கேட்கிற சான்றை இதற்கும் கேள்.

என் தம்பிக்கு 24 வயது. நான்கு வழிச்சாலை ஓரம் நின்று போகிற வண்டி எண்களை எல்லாம் நோட்டில் எழுதிக் கூட்டுகிறான். எண்கள் தனக்கு உத்தரவு போடுகின்றன என்கிறான். சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. பரிகாரம் ஏதாவது உண்டா?
– ஓர் அக்கா, நாங்குநேரி

அம்மா, மற்றக் கடிதங்களில் உள்ளவர்களின் நிலை வேறு, உங்கள் தம்பியின் நிலை வேறு. தொடர்பில்லாத பொருள்களில் எல்லாம் தனக்கென்று ஒரு செய்தி இருப்பதாக அசைக்க முடியாமல் தோன்றுவதை 1958-ல் கிளாஸ் கான்ராட் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் விவரித்தார். மனச்சிதைவு நோயின் தொடக்கத்தில் அப்படி வரக்கூடும் என்றார். தம்பிக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். உறக்கமும் உணவும் கெட்டு, உத்தரவு வருகிறது என்று சொல்கிற பிள்ளையைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். விரைவில் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

பரிகாரத்துக்கு அலைந்து நாளைக் கடத்த வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லி உத்தரவு வருவதாகச் சொன்னால் அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

அவனோடு எண்களைப் பற்றி வாதாட வேண்டாம். மேலே நான் எழுதிய கணக்குகள் எதுவும் இப்போது அவனுக்கு உதவாது. ‘நீ தூங்கி நாளாகிறது, அதற்கு மருந்து வாங்கி வரலாம்’ என்று சொல்லி அழையுங்கள், வருவான். அப்பா கோபத்தில் நோட்டுகளைக் கிழிக்கப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். கிழிக்க விடாதீர்கள். அவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதத்தில் தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்பதை மருத்துவர் அதிலிருந்து தெரிந்துகொள்வார். போய் வந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.